பேரீச்சம்பழத்துக்குப் போடாதீங்க!

'தூக்கிப் போட்டாச்சு!' - ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்த வார்த்தையைச் சொல்றோம்? மெஸ்ல மிச்சமான சாதம், காலியான ஷாம்பு சாஷே, ரீஃபில் தீர்ந்த பேனா, ஒரு காது மட்டும் பாடுற இயர்போன்... எல்லாத்தையும் தூக்கிப் போட்டாச்சு. சரி பாஸ், எங்கே போட்டீங்க? 'டஸ்ட்பின்ல'னு சொல்லித் தப்பிக்கக் கூடாது. டஸ்ட்பின்லேருந்து அது எங்கே போச்சு? அங்கேருந்து?

இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு ஆறு வாரம் அலைஞ்சவ நான். படிக்கிறது சிவில் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். ஊர், திருவையாறு. பேரைச் சொன்னதும் 'ஓ, தியாகராஜர் ஆராதனை!'னு ஒரு கோஷ்டி சொல்லும். 'ஓ, அசோகா அல்வா!'னு இன்னொரு கோஷ்டி சொல்லும். ரெண்டுமே எங்க ஊர்ப் பெருமைதான். ஆனா நான் சொல்லப்போறது பாட்டும் இல்ல, அல்வாவும் இல்ல. குப்பை!

எங்க ஊர்ல, காவிரிக்கரையிலேருந்து கூப்பிடு தூரத்துல ஒரு முதியோர் இல்லம் இருக்கு. பேர் வேண்டாமே... அங்கே இருக்கிறவங்க விளம்பரம் விரும்பறது இல்ல. முப்பதுக்கும் கொஞ்சம் மேல தாத்தா பாட்டிங்க, ஒரு வார்டன் சார், சமையல்கார அம்மா ஒருத்தங்க, ஆயாம்மா ரெண்டு பேர், பசு ரெண்டு. செமஸ்டர் லீவுல தினமும் காலையில அங்கே ஆஜர். வேலை ரொம்ப சிம்பிள்: அந்த இல்லத்துல ஒரு நாளைக்கு என்னென்ன குப்பை விழுது, எவ்வளவு விழுது, எங்கே போகுதுன்னு எடை போட்டு நோட்டுல எழுதணும். மினி புராஜெக்ட்!

'ஏண்டி, கிளாஸே சென்னை, பெங்களூருனு ஐ.டி. கம்பெனில இன்டர்ன்ஷிப் பண்ணிட்டு இருக்கு. நீ குப்பை எடை போடுறியா?'னு ஃப்ரெண்ட்ஸ் குரூப்பே கலாய்ச்சுது. கலாய்க்கட்டும். அந்த நோட்டுல இருக்கறதை எந்த கம்பெனி ஏ.சி. ரூம்லயும் கத்துக்க முடியாதுங்கிறது என்னோட தாழ்மையான கருத்து.

தராசும் ஒரு நோட்டும்

பழைய பேப்பர்காரர் வச்சிருப்பாரே, ஸ்பிரிங் தராசு... அதுல ஒண்ணு வாங்கிக்கிட்டேன். மூணு சாக்கு. ஒண்ணு மக்குறது, ஒண்ணு மக்காதது, மூணாவது 'தொடவே கூடாதது'. மூணாவது சாக்கைப் பத்தி அப்புறம் சொல்றேன். கதையே அதுலதான் இருக்கு.

முதல் சாக்குல ஆச்சரியம் என்னன்னா, அது நிறையவே இல்ல. முப்பது பேருக்கு மூணு வேளை சமைக்கிற இடத்துல காய்கறித் தோலும் மிச்ச சாதமும் மலை மாதிரி குவியணுமா, இல்லையா? குவியல. ஏன்னா அது சாக்குக்கு வர்றதுக்கு முன்னாடியே வேற ஒரு ரூட்டுல போயிடுது.

அந்த ரூட்டைப் பாருங்க. அரிசி களைஞ்ச கழுநீரும், வடிச்ச கஞ்சியும், காய்கறித் தோலும் மாட்டுத் தொட்டிக்கு. மாடு போடுற சாணி, கொல்லைப்புறத்துல இருக்கிற சாண எரிவாயுக் கலத்துக்கு. அதுலேருந்து வர்ற கேஸ்ல காலை காபியும் பாட்டிங்களுக்கு வெந்நீரும். கலத்துலேருந்து வழியற கரைசல் வாழைக்கு. வாழை இலை, மதியச் சாப்பாட்டுக்கு. சாப்பிட்ட எச்சில் இலை, மறுபடி மாட்டுக்கு இல்லேன்னா எருக்குழிக்கு. வட்டம் முடிஞ்சுது! இதைத்தான் நம்ம சிலபஸ்ல 'சர்க்குலர் எகானமி'னு பதினாறு மார்க் கேள்வியாக் கேக்கறாங்க. இங்கே அதுக்குப் பேர் கொல்லைப்புறம்.

துணிக்கும் இதே மாதிரி ஒரு ஜாதகம் உண்டு. நாலு முழ வேட்டி கிழிஞ்சா துண்டு. துண்டு கிழிஞ்சா தலையணை உறை. அதுவும் நைஞ்சா அடுப்படியில பிடிதுணி. பிடிதுணியும் நார்நாரா ஆனா விளக்குத் திரி. தேங்காயில மட்டும் குப்பைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. நார் பாத்திரம் தேய்க்க, கொட்டாங்குச்சி வெந்நீர் அடுப்புக்கு, மட்டையிலேருந்து ஈர்க்கு உருவி விளக்குமாறு. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நிலம் வச்சிருந்த ஒரு தாத்தா, தென்னை மட்டையைக் கையில வாங்கினா பத்து நிமிஷத்துல விளக்குமாறா மாத்திக் கையில கொடுத்துடுவார்.

"இதையெல்லாம் யார் தாத்தா சொல்லிக் கொடுத்தாங்க?"

"சொல்லிக் கொடுக்கறதுக்கு என்னம்மா இருக்கு? இல்லாதவன் வூட்டுல எதுவும் குப்பை ஆகாது!"

இந்த ஒரு வரியில கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போவோம். 'அந்தக் காலத்துல எல்லாம் எவ்வளவு இயற்கையா வாழ்ந்தாங்க'ன்னு நாம ஸ்டேட்டஸ் போடுறோம். தாத்தா சொல்றது அது இல்ல. இல்லாமையிலேருந்து வந்த சிக்கனம் அது. அதை அழகுபடுத்திப் பேசறது அவருக்குப் பிடிக்கவும் இல்ல. ஆனா, கையில இருக்கிற பொருளுக்கு இன்னும் எவ்வளவு உயிர் மிச்சம் இருக்குன்னு பார்க்கிற கண்ணு இருக்கே, அது இல்லாமை போன பிறகும் அவர்கிட்ட தங்கிடுச்சு. நமக்கு வேண்டியது அந்தக் கண்ணுதான்.

சத்திரம் கட்டின பூமி

'முதியோர் இல்லமா? அது வெளிநாட்டுலேருந்து வந்த கலாசாரம்'னு ஒரு டயலாக் அடிக்கடி காதுல விழும். தஞ்சாவூர் ஜில்லாக்காரியா இதுக்கு ஒரு அப்ஜெக்‌ஷன். வீட்டுக்கு வெளியே, நாலு பேர் சேர்ந்து இன்னொருத்தரைப் பார்த்துக்கிற பழக்கம் எங்க பக்கத்துக்குப் புதுசு இல்ல. மராட்டிய ராஜாக்கள் காலத்துல தஞ்சாவூர்ச் சீமை முழுக்கச் சத்திரங்கள். ஒரத்தநாட்டுல இருக்கிற முக்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி கட்டினது. இன்னைக்கும் நிக்குது. 1801-ல் சரபோஜி, பிரிட்டிஷ் ரெசிடென்ட்டுக்கு எழுதின கடிதத்துல இந்தச் சத்திரங்கள்ல என்ன நடக்குதுன்னு விவரிக்கிறார். எல்லா ஜாதி, எல்லா மதத்து வழிப்போக்கர்களுக்கும் சோறு. உடம்பு சரியில்லாதவங்களுக்கு வைத்தியம். பிரசவத்துக்கு வர்ற பெண்களுக்குக் கவனிப்பு. அநாதைக் குழந்தைகளுக்குப் படிப்பு.

எதுக்கு இந்த ஹிஸ்டரின்னா, கவனிப்புங்கிறது ஒரு ஊரோட பொதுக் காரியமா இருந்திருக்கு. சோறு மட்டுமில்ல, பிரசவமும் வியாதியும்கூட. அதாவது ரத்தம், சீழ், மலம், மூத்திரம்னு நாம மூக்கைப் பொத்திக்கிற எல்லாமும் அதுல அடக்கம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க. இப்ப மூணாவது சாக்குக்குப் போவோம்.

மூணாவது சாக்கு

ரெண்டாவது சாக்குல பெரிய பிரச்னை இல்ல. எண்ணெய் பாக்கெட், பிஸ்கட் கவர், பழைய பிளாஸ்டிக் குடம். 2019 ஜனவரி 1-ம் தேதியிலேருந்து தமிழ்நாட்டுல ஒரு தடவை உபயோகிச்சுத் தூக்கிப் போடுற பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தடை வந்ததுல கேரி பேக் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. மிச்சத்துல பாதியை பழைய இரும்பு, பிளாஸ்டிக் எடுக்கிற கடைக்காரர் வாங்கிப்பார். அவரே வேண்டாம்னு ஒதுக்கறது மாத்திரை அட்டை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் அது. பிரிக்கிறது கஷ்டம்.

மூணாவது சாக்கு? டயாபர். குழந்தைங்க போடுறது இல்ல. பெரியவங்க போடுறது.

கூச்சமா இருக்கா? இருக்கும். ஆனா பக்கத்தைத் திருப்பாதீங்க. நம்ம எல்லார் வீட்டுலயும் ஒரு நாள் இது வரும். அம்மாவுக்கு, அப்பாவுக்கு, கடைசியா நமக்கு.

கணக்கைக் கேளுங்க. இல்லத்துல ஆறு பேருக்கு டயாபர். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு. ஆக, பதினெட்டு. மாசத்துக்கு ஐந்நூத்து நாப்பது! வெளிப்பக்கம் பிளாஸ்டிக், உள்ளே மரக்கூழும், ஈரத்தைப் பல மடங்கு உறிஞ்சிக்கிற பாலிமர் குருணையும். ஈரமானதும் ஒவ்வொண்ணும் கல்லு மாதிரி கனக்கும். மத்த ரெண்டு சாக்கையும் கூட்டினாலும் இந்த மூணாவது சாக்கோட எடைக்குப் பக்கத்துல வரலைன்னா நம்புவீங்களா?

மாடு திங்காது. மண்ணு திங்காது. காயலான் கடைக்காரர் கிட்ட வரமாட்டார். குப்பை வண்டியில வர்ற தூய்மைப் பணியாளர் அக்கா ஒரு நாள் நேராவே சொன்னாங்க: "இதை மட்டும் தனியா, பேப்பர்ல நல்லா சுத்திக் கொடுங்கம்மா. நாங்க கையாலதான் பிரிக்கிறோம்." அவங்க கேட்டது சலுகை இல்ல. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே அதைத்தான் சொல்லுச்சு. இந்த மாதிரிக் கழிவைப் பத்திரமா சுத்தித் தனியா கொடுக்கணும்னு.

தனியா கொடுக்காட்டி என்ன ஆகும்? ஒண்ணு, எங்கேயாவது கொளுத்துவாங்க. பிளாஸ்டிக் எரிஞ்ச நச்சுப்புகை மூக்குக்குப் போகும். இல்லேன்னா வாய்க்கால்ல விழும். ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கிற வழக்கமான தேதி. அதுக்கு முன்னாடி எங்க பக்கம் வாய்க்கால் தூர்வாருவாங்க. அப்ப அள்ளிப் போடுற சேத்துக் குவியலை ஒரு தடவை நின்னு பாருங்க. வண்டலுக்கு நடுவுல என்னென்ன எட்டிப் பார்க்குதுன்னு தெரியும். ஐயாறுன்னா காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறுன்னு அஞ்சு ஆறு. அதுலேருந்து பிரியற வாய்க்கால்ல ஒரு மதகு அடைச்சுக்கிட்டா, கடைமடை வயலுக்குத் தண்ணி போய்ச் சேராது. நம்ம 'தூக்கிப் போட்டாச்சு', இன்னொருத்தரோட நாத்தங்கால்ல போய் நிக்குது.

கணக்கு டீச்சர் போட்ட கணக்கு

இல்லத்துல ஒரு பாட்டி. எண்பது வயசைத் தாண்டினவங்க. முப்பது வருஷம் கணக்கு டீச்சர். இன்னைக்கும் யாராவது 'ஏறக்குறைய'ன்னு சொன்னா 'ஏறவா, குறையவா?'னு கேப்பாங்க. நான் தராசோட அலையறதை முதல் நாள்லேருந்தே கண்ணாடிக்கு மேல பார்த்துட்டிருந்தாங்க. மூணாவது வாரம் கையைப் பிடிச்சு நிறுத்திக் கேட்டாங்க.

"எங்களோடது எவ்வளவு கண்ணு?"

பொய் சொல்ல முடியல. சொன்னேன். மனசுக்குள்ளயே பெருக்கி வருஷத்துக்கு எவ்வளவுன்னு கண்டுபிடிச்சாங்க. "ஆறாயிரத்தி ஐந்நூத்தி எழுபது!" அப்புறம் ரொம்ப அமைதியா சொன்னாங்க: "எனக்கு இனிமே வேணாம். பழைய வேட்டித் துணியே போதும். சாகப் போற காலத்துல நான் ஒருத்தி காவிரியை அழுக்காக்கணுமா?"

கேக்க எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க! 'சுற்றுச்சூழலைக் காப்பாற்றும் எண்பது வயது பாட்டி'னு தலைப்புப் போட்டு ஃபோட்டோவோட நாலு பக்கம் எழுதலாம். ஆனா நடந்தது வேற.

ஒரு வாரம் கழிச்சு ஆயாம்மா என்கிட்ட வந்தாங்க. டீச்சர் பாட்டி தண்ணியே குடிக்கிறது இல்லையாம். காபியைப் பாதியில வச்சிடறாங்களாம். துணி நனைஞ்சா அதை இன்னொருத்தர் துவைக்கணுமே, அந்தக் கூச்சம். நனையாம இருக்கணும்னா குடிக்காம இருக்கணும். கணக்கு டீச்சர் இல்லையா, சரியாத்தான் போட்டிருக்காங்க! ஆனா அந்த வயசுல தண்ணி குறைஞ்சா மூத்திரத்துல கிருமி சேரும், தலை சுத்தும், விழுவாங்க. விழுந்தா இடுப்பெலும்பு. அப்புறம் படுக்கைதான்.

ஆயாம்மாவுக்கும் ஒரு கேள்வி இருந்துச்சு. "துணிதான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றீங்க தாயி. துவைக்கிறது யாரு?" கையை விரிச்சுக் காட்டினாங்க. சோடாவும் பிளீச்சிங் பவுடரும் தின்ன கை. நகக்கண்ணு வெடிச்சிருந்தது.

நான் நோட்டுல எழுதினதுலயே ரொம்ப முக்கியமான வரி இதுதான்: 'ஒரு குப்பை குறைஞ்சா, அந்த வேலை யார் கைக்குப் போகுதுன்னு பார்.' வீட்டுல 'நாங்க எல்லாம் துணிதான் உபயோகிப்போம், எகோ ஃப்ரெண்ட்லி'னு பெருமையா சொல்றவங்க வீட்டுல அந்தத் துணியைத் துவைக்கிறது யாரு? பெரும்பாலும் ஒரு பொம்பளை. அதுவும் சம்பளம் கம்மியான பொம்பளை. பூமிக்கு நல்லதுங்கிறதை ஒரு பாட்டியோட தாகத்துலயும், ஒரு ஆயாம்மாவோட விரல் வெடிப்புலயும் வசூல் பண்றது என்ன நியாயம்?

இருபத்திரண்டு அடி தூரம்

வார்டன் சார், வாரத்துக்கு ஒரு தடவை வர்ற நர்ஸம்மா, ஆயாம்மா ரெண்டு பேர், டீச்சர் பாட்டி, நான். எல்லாரும் திண்ணையில உக்காந்து பேசினோம். நர்ஸம்மாதான் நூலைப் பிடிச்சுக் கொடுத்தாங்க: "ஆறு பேர்ல எத்தனை பேருக்கு நிஜமாவே அடக்க முடியல? எத்தனை பேர் பாத்ரூம் போய்ச் சேர முடியாதுங்கிற பயத்துல டயாபர் போட்டுக்கறாங்க?"

டேப் எடுத்து அளந்தேன். கடைசிக் கட்டில்லேருந்து கழிவறை வரைக்கும் இருபத்திரண்டு அடி எடுத்து வைக்கணும். நடுவுல ஒரு படி இறக்கம். பிடிச்சுக்க எதுவும் இல்ல. ராத்திரி லைட் இல்ல. தரை வழவழ மொசைக். எண்பது வயசுல இதைத் தாண்டறது, நாம ஹைவேயைக் கண்ணை மூடிக் கிராஸ் பண்ற மாதிரி. மூணாவது சாக்குல பாதி, மூத்திரப் பையோட பிரச்னையே இல்ல... கட்டடத்தோட பிரச்னை! சிவில் இன்ஜினீயரிங் படிக்கிறவளுக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் கிடைக்குமா?

பழைய இரும்புக் கடையில எடைக்குப் போட்டிருந்த ஜி.ஐ. பைப்பை எடைக்கே வாங்கினோம். வெல்டிங் பட்டறை அண்ணன் கூலி மட்டும் வாங்கிக்கிட்டு சுவரோரம் கைப்பிடி அடிச்சுக் கொடுத்தார். படியைச் சரிவா பூசினோம். ராத்திரி முழுக்க எரியற குட்டி எல்.இ.டி. பல்பு ரெண்டு. நடக்கச் சிரமப்படுறவங்களைக் கழிவறைக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு மாத்தினோம். பகல்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை 'போலாமா?'னு கேட்டுக் கூட்டிட்டுப் போறதுன்னு ஒரு டைம் டேபிள். அதைப் போட்டது யார்னு சொல்லணுமா? கணக்கு டீச்சர்தான்! சுவத்துல ஒட்டியிருக்கு. கையெழுத்து மணிமணியா இருக்கும்.

டெய்லரா இருந்த ஒரு தாத்தா, கட்டில்ல விரிக்க மடிப்புத் துணிப் பட்டை தைச்சுக் கொடுத்தார். ஒரு நல்ல மனுஷர் வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்தார். ஆர்.ஓ. மெஷின்ல ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு ரெண்டு மூணு லிட்டர் வீணா வெளியே போகும். அதை டிரம்ல பிடிச்சுத் தரை கழுவ வச்சுக்கிட்டோம்.

பதினெட்டு, ஒன்பதாச்சு. பாதி! டீச்சர் பாட்டி இப்ப ராத்திரிக்கு மட்டும் ஒண்ணு போட்டுக்கறாங்க. தண்ணி குடிக்கிறாங்க. எவ்வளவு குடிச்சாங்கன்னு அவங்களே கோடு போட்டு வைக்கிறாங்க. படுத்த படுக்கையா இருக்கிற ரெண்டு பேருக்கு மூணு வேளையும் டயாபர்தான். அதுல யாருக்கும் குத்த உணர்ச்சி வேண்டாம்னு அன்னிக்கே திண்ணையில முடிவு பண்ணிட்டோம். ஆயாம்மாவுக்கு கிளவுஸ் வந்திருக்கு. சம்பளம் இன்னும் ஏறல. அதையும் எழுதித்தான் ஆகணும்.

தூக்கிப் போட்டவங்க கட்டின ஊர்

இந்த மாதிரி யோசிச்ச முதல் ஆளுங்க நாங்க இல்ல. மகாராஷ்டிராவுல, சந்திரபூர் மாவட்டம் வரோராவுக்குப் பக்கத்துல ஆனந்தவனம்னு ஒரு ஊர் இருக்கு. ஆரம்பிச்சவர் பாபா ஆம்தே. வசதியான வீட்டுப் பிள்ளை, வக்கீல். ஒரு நாள் மழையில, தொழுநோய் முத்திப்போய்த் தெருவோரம் கிடந்த ஒரு மனுஷரைப் பார்த்து பயந்து ஓடினார். அந்த ஓட்டம்தான் அவரைத் தூங்க விடல. திரும்பி வந்து அந்த மனுஷரைப் பார்த்துக்கிட்டார். அப்புறம் கல்கத்தா போய்த் தொழுநோய் சிகிச்சை படிச்சார். 1951-ல் கரடு முரடான ஒரு பொட்டல் நிலத்துக்குப் போனார். கூட மனைவி சாதனா, ரெண்டு சின்னக் குழந்தைங்க, ஆறு நோயாளிகள், ஒரு நொண்டிப் பசு. கையில பதினாலு ரூபாய்!

முதல் வேலை, கிணறு வெட்டறது. விரல் போன கையால வெட்டினாங்க. தண்ணி வந்துச்சு. காய்கறி விளைஞ்சுது. ஆனா ஊர்க்காரங்க 'அவங்க தொட்ட காய் வேண்டாம்'னு சொன்னாங்க. அந்த பயம் போக வருஷமாச்சு. இன்னைக்கு அங்கே தறி ஓடுது, பட்டறை நடக்குது, காலேஜ் இருக்கு. பாபாவோட மகன் டாக்டர் விகாஸ் ஆம்தே காலத்துல, தேஞ்சு போன டயர்களை அடுக்கியே தடுப்பணை கட்டினாங்க. மரமும் கம்பியும் தேவைப்படாத வளைவுக் கூரை வீடுகள் கட்டினாங்க. வெளி உலகம் வேண்டாம்னு தள்ளின பொருளை வச்சு, வெளி உலகம் வேண்டாம்னு தள்ளின மனுஷங்க ஒரு ஊரையே எழுப்பினாங்க. 1985-ல் பாபாவுக்கு மகசேசே விருது. 2008 பிப்ரவரியில அவர் இறந்தப்போ உடம்பை எரிக்கல. ஆனந்தவன மண்ணுலயே புதைச்சாங்க. ஒரு உடம்பை எரிக்க எத்தனை மரம் வேணும்னு யோசிச்ச மனுஷர் அவர்.

அங்கே முதல்ல வந்தது 'பூமியைக் காப்பாத்துங்க'ங்கிற பிரசங்கம் இல்ல, கவனிச்சீங்களா? வேலை. 'உன்னால முடியும், நீ வேணும்'ங்கிற மரியாதை. மறுசுழற்சி அதுக்குப் பின்னாடி தானா வந்துச்சு.

அவ்வளவு தூரம் போவானேன்? காவிரியோட மேலே போனா, திருச்சி மாவட்டம் முசிறி. அங்கே 'ஸ்கோப்' அமைப்பு 2006-ல் ஒரு பொதுக் கழிப்பறை கட்டுச்சு. மலத்தையும் மூத்திரத்தையும் தனித்தனியா பிரிச்சு உரமாக்குற எகோசான் டைப். உபயோகிக்கிறவங்களுக்கு ஒரு தடவைக்கு பத்து பைசா கொடுத்தாங்க! நம்ம பஸ் ஸ்டாண்டுல நாம காசு கொடுக்கிறோம், அங்கே நமக்குக் காசு. சேர்ந்த மூத்திரத்தை வாழைக்கு உரமா போட்டு ஆராய்ச்சியும் நடந்துச்சு. அதுக்குப் பின்னால இருந்த சுப்புராமன் சாருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. முகம் சுளிக்கிற விஷயத்தை, முகம் சுளிக்காம ஒரு இன்ஜினீயரிங் கேள்வியா பார்த்ததுக்குக் கிடைச்ச மரியாதை அது.

சரி, நீங்க என்ன பண்ணலாம்?

'மரம் நடுங்க, பிளாஸ்டிக்கைத் தவிருங்க'ன்னு நோட்டீஸ் போர்டு மாதிரி பேசப் போறது இல்ல. மூணே மூணு விஷயம்.

முதல்ல, எடை போடுங்க. உங்க ஹாஸ்டல் விங், உங்க மெஸ், உங்க வீடு... எதுவா இருந்தாலும் ஒரே ஒரு வாரம். ஸ்பிரிங் தராசு விலை, உங்க ஒரு சினிமா டிக்கெட்டைத் தாண்டாது. பார்க்காம போடுற வரைக்கும்தான் குப்பைக்குக் கனமில்ல.

அடுத்தது, 'துவைக்கிறது யாரு?'னு கேளுங்க. காலேஜ்ல பசுமைத் திட்டம்னு எதை ஆரம்பிச்சாலும், அதோட கடைசி வேலை எந்தக் கையில போய் விழுதுன்னு பாருங்க. ஹவுஸ் கீப்பிங் அக்கா தலையில விழுந்தா, அந்தத் திட்டத்துக்குப் பேர் பசுமை இல்ல, சோம்பேறித்தனம்.

மூணாவது, கட்டடத்தையும் ஒரு தடவை சந்தேகப்படுங்க. சிவில், மெக்கானிக்கல், டெக்ஸ்டைல், கெமிக்கல்... எந்த பிராஞ்சா இருந்தாலும் சரி. ராத்திரி மட்டும் போடுற மாதிரி, தோலைப் புண்ணாக்காத, கையால தேய்க்க வேண்டிய அவசியமில்லாத, கடைசியில மண்ணோட மண்ணா மக்கிப் போற ஒரு உள்ளாடையை உங்களால டிசைன் பண்ண முடியுமா? விலை, ஒரு முதியோர் இல்லம் தாங்கற விலையா இருக்கணும். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு டாபிக் இல்லைன்னு புலம்பறவங்க இதை எடுத்துக்கலாம்.

எங்க பக்கத்து வீதிகள்ல முன்னாடி ஒரு வண்டி வரும். ஓட்டை அலுமினியச் சட்டி, துருப்பிடிச்ச தகரம், எதைக் கொடுத்தாலும் ஒரு கை பேரீச்சம்பழம் கொடுப்பாங்க. உபயோகமில்லாத ஆளைப் பார்த்தா 'உன்னைப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்'னு கிண்டல் பண்றது அதுலேருந்து வந்ததுதான். அந்த இல்லத்துல இருக்கிற சில பேரை அவங்க வீட்டுலயே அப்படித்தான் போட்டுட்டாங்க. பேரீச்சம்பழம்கூட வாங்கிக்காம.

அந்தத் தாத்தா பாட்டிங்கதான், ஒரு தென்னை மட்டைக்கு இன்னும் எவ்வளவு உயிர் இருக்குன்னு இருபது வயசுப் பொண்ணுக்குச் சொல்லித் தர்றாங்க. ஒன்பது டயாபரை எப்படி ஏழாக்கலாம்னு கணக்கு டீச்சர் இப்பவும் யோசிச்சிட்டிருக்காங்க. 'அடுத்த லீவுக்கு வர்றப்ப ஏழு ஆகலேன்னா உனக்கு ஃபெயில் மார்க்'னு எனக்கு வார்னிங் வேற.

அரியர் வச்சுப் பழக்கமில்லாத பாட்டி. யாராவது ஹெல்ப் பண்ணுங்கப்பா!